யானைப்பாகன் மகன், ஹாலிவுட் ஸ்டார், போர் விமான கன்னர்... யார் இந்த சாபு?

பழைய போர் விமானப் படங்களுக்கு என்று ஒரு தனி ரசிகர் கூட்டம் உண்டு. நான்கு இன்ஜின் உறுமலோடு குண்டுவீச்சு விமானம் கிளம்பும், உள்ளே பத்து பேர் ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டி உட்கார்ந்திருப்பார்கள். வால் பக்கம் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மட்டும் தனியாக இருப்பார். எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பதுதான் கதையே. ஷிப்ட் முடித்து ரூமுக்குப் போய் போனில் இந்த மாதிரிப் படம் ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட விமானத்தில், அந்த வால் பக்க சீட்டில், நிஜமாகவே ஒரு தென்னிந்தியர் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார். அவர் அப்போதே உலகம் அறிந்த சினிமா ஸ்டார். ஆனால் போர் விமானப் படம் எதிலும் அவரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அவர் பெயர் சாபு.

சோழவரத்தில் இருந்து ஆரம்பிப்போம்

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு தினமும் போய்வருகிறவர்கள் புழல், செங்குன்றம், சோழவரம், காரனோடை என்று வரிசையாகத் தாண்டிப் போவார்கள். இதில் இரண்டு ஊர்களுக்கு இரண்டாம் உலகப்போரில் நேரடி வேலை இருந்தது. செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற பறக்கும் படகுகள் இறங்கி ஏறின. தண்ணீரையே ஓடுதளமாகப் பயன்படுத்தும் அந்த விமானங்கள்தான் வங்கக்கடலில் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போயின.

சோழவரத்தில் கான்கிரீட் ஓடுதளம். 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் பியூஃபைட்டர் ஸ்குவாட்ரன்கள் அங்கே இருந்தன. போர் முடிந்த பிறகு அதே ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார், பைக் ரேஸ் நடந்தது. சோழவரம் என்றால் ரேஸ் என்றுதான் அப்பா, தாத்தா காலத்து ஆட்களுக்கு ஞாபகம் வரும். அது குண்டு போடக் கிளம்பிய இடம் என்பது பலருக்குத் தெரியாது.

சென்னைக்கு இந்தப் பக்கம், பரங்கிமலையில், அதே 1944இல் லிபரேட்டர் விமானங்கள் நின்றன. இரண்டாம் உலகப்போரில் அதிக எண்ணிக்கையில் தயாரான குண்டுவீச்சு விமானம் அதுதான். 18,000க்கும் மேல் தயாரித்தார்கள். நான்கு இன்ஜின், ஒரு இறக்கை முனையில் இருந்து மறுமுனைக்கு 110 அடி. பார்க்க அழகான விமானம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் தடித்த பெட்டி போல இருக்கும். ஆனால் ரொம்ப தூரம் போகும்.

பரங்கிமலையில் லிபரேட்டர்கள் நின்ற அதே காலத்தில், பசிபிக் கடலுக்கு மேல் பறந்த அமெரிக்க லிபரேட்டர் ஒன்றில் கன்னராக இருந்தவர்தான் சாபு. அவர் பிறந்த ஊர் நம் பக்கத்து மாநிலத்தில், கபினி ஆற்றங்கரையில்.

யானைக் கொட்டாரத்துப் பையன்

1924 ஜனவரி 27இல் மைசூர் சமஸ்தானத்தில் காராப்பூர் என்ற இடத்தில் சாபு பிறந்தார். இன்றைக்கு கபினி அணைக்குப் பக்கத்தில் சஃபாரி போகிறவர்களுக்குத் தெரிந்த இடம். அங்கே ஓடும் கபினி தண்ணீர்தான் காவிரியில் கலந்து மேட்டூருக்கு வருகிறது. அப்பா மைசூர் மகாராஜாவின் யானைப்பாகன். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். சாபு சிறுவனாக இருக்கும்போதே அப்பாவும் போய்விட, அண்ணன் ஷேக் தஸ்தகீரோடு அரண்மனை யானைக் கொட்டாரத்தை நம்பி வளர்ந்தார்.

அந்தச் சமயம் லண்டனில் அலெக்சாண்டர் கோர்டா என்ற தயாரிப்பாளர், கிப்ளிங் எழுதிய யானைக்காரச் சிறுவன் கதையைப் படமாக்க முடிவு செய்திருந்தார். ஆவணப்பட உலகின் பெரிய தலையான ராபர்ட் ஃப்ளஹர்ட்டி டைரக்டர். மைசூருக்கு வந்து லொக்கேஷன் பார்த்தார்கள், யானைகளைப் பார்த்தார்கள். பையன் மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் பாரடெய்ல் கண்ணில் பட்டவர்தான் யானைக் கொட்டாரத்தில் இருந்த சாபு. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் யானை மேல் அவர் உட்கார்ந்த விதத்தை எந்த நடிகருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

1937இல் 'எலிஃபென்ட் பாய்' வெளியானது. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசு வாங்கியது. முதுமலை யானைக் குட்டிகள் கதையான 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் வாங்கியபோது நாம் கொண்டாடினோமே, அதற்கு 86 வருஷம் முன்பே யானையையும் அதன் பாகனையும் வைத்து நம் காட்டுப்பக்கத்தில் எடுத்த படம் ஐரோப்பாவில் பரிசு வாங்கியிருக்கிறது.

படம் முடிந்ததும் அண்ணன், தம்பி இருவரையும் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே காகிதங்களில் நடந்த குளறுபடியில் அண்ணன் பெயரான தஸ்தகீர் தம்பிக்கு குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் பல இடங்களில் சாபு தஸ்தகீர் என்று இருக்கும். திரையில் வெறும் சாபு.

சென்னையில் எதிர்ப்பு

அடுத்த படம் 'தி டிரம்', 1938. வடமேற்கு எல்லையில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் துணை நிற்கும் இளவரசனாக சாபு நடித்தார். காங்கிரஸ் மாகாணங்களில் ஆட்சிக்கு வந்திருந்த நேரம் அது. இது வெள்ளைக்காரன் பிரசாரப் படம் என்று பம்பாயிலும் சென்னையிலும் போராட்டம் வெடித்தது. சாபுவுக்கு அப்போது வயது 14. யார் எந்தக் கதையில் எதற்காகத் தன்னை நிற்க வைக்கிறார்கள் என்று கேட்கிற இடத்தில் அந்தப் பையன் இல்லை.

இந்தியாவில் அவர் பெயர் பெரிதாகப் பேசப்படாமல் போனதற்கு இந்தப் படமும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் நடித்த படங்களில் இந்தியா என்பது பெரும்பாலும் லண்டன், ஹாலிவுட் செட்டில் கட்டிய இந்தியாதான்.

கம்பளத்தில் பறந்த பாக்தாத் திருடன்

சாபுவை உலக ஸ்டார் ஆக்கியது 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்', 1940. நம் ஊரில் எம்.ஜி.ஆர். 'பாக்தாத் திருடன்' ஆகத் திரைக்கு வந்தது 1960இல். அதே அரபுக் கதைத் தோட்டத்தில் பறித்த இன்னொரு பூ என்று வைத்துக்கொள்ளலாம். கோர்டாவின் படத்தில் சாபுதான் குட்டித் திருடன் அபு. பூதத்தின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு பறப்பார், மந்திரக் கம்பளத்தில் பறப்பார். படத்தின் கடைசிக் காட்சியே அவர் கம்பளத்தில் ஏறிப் பறந்து போவதுதான்.

இதற்காக லாரி பட்லர் என்ற தொழில்நுட்பக் கலைஞர் நீலத்திரை முறையைக் கலர் படத்துக்குக் கொண்டுவந்தார். இன்று கிரீன் மேட் என்று சொல்கிறோமே, அதன் மூதாதை. இந்தப் படத்துக்கு மூன்று ஆஸ்கர் கிடைத்தது. அதில் ஒன்று இந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு.

போர் விமானப் படங்கள் இந்தக் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். பாக்தாத் திருடன் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தபோது, 1939 செப்டம்பரில் போர் வெடித்தது. கோர்டா உடனே ஒரு முடிவு எடுத்தார். பாக்தாத் படத்தின் டைரக்டர்களில் ஒருவரான மைக்கேல் பவலை அங்கிருந்து பிடுங்கி, பிரிட்டிஷ் விமானப்படை பற்றிய பிரசாரப் படம் எடுக்க அனுப்பினார். 'தி லயன் ஹேஸ் விங்ஸ்' என்ற அந்தப் படம் சில வாரங்களில் தயாராகி, அந்த ஆண்டு முடிவதற்குள் தியேட்டருக்கு வந்துவிட்டது. வெல்லிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் அதில் வருகின்றன. ஒரு பக்கம் கம்பளம் பறக்க, இன்னொரு பக்கம் குண்டுவீச்சு விமானம் பறக்க, இரண்டுக்கும் ஒரே முதலாளி.

பவலுக்கு இந்த ருசி பிடித்துப்போனது. 1942இல் 'ஒன் ஆஃப் அவர் ஏர்கிராஃப்ட் இஸ் மிஸ்ஸிங்' எடுத்தார். ஹாலந்தில் விழுந்த வெல்லிங்டன் விமானக் குழு ஊர் மக்கள் உதவியோடு தப்பி வரும் கதை. 1946இல் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்'. பாராசூட் இல்லாமல் குதிக்கும் லங்காஸ்டர் விமானியின் கதை. போர் விமானப் படம் பிடிக்கும் என்றால் இந்த இரண்டையும் தவறவிடக் கூடாது.

போர் காரணமாக பாக்தாத் படத்தின் மீதி வேலை அமெரிக்காவுக்கு மாறியது. சாபுவும் அங்கேயே தங்கிவிட்டார். 1942இல் 'ஜங்கிள் புக்' படத்தில் மௌக்லி. பிறகு யுனிவர்சல் நிறுவனத்தின் கலர் படங்களில் வரிசையாக அரபு நாட்டு ஆள், தீவுவாசி வேடங்கள். நல்ல சம்பளம், நல்ல புகழ்.

ஹாலிவுட்டை விட்டு லிபரேட்டருக்கு

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இந்தியர்கள் குடியுரிமை வாங்க முடியாது. இந்தியர்கள் சட்டப்படி வெள்ளையர் இல்லை, அதனால் தகுதி இல்லை என்று 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது. பொதுவாக இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1946இல்தான். ஆனால் போர்க்காலச் சட்டம் ஒன்று, படையில் இருக்கும் வெளிநாட்டவருக்கு இன வித்தியாசம் பார்க்காமல் குடியுரிமை கொடுக்க வழி செய்திருந்தது. 1944 ஜனவரி 4இல் சாபு அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதே போரில் அமெரிக்க ராணுவ விமானப்படையின் கன்னராகப் பசிபிக் போனார்.

சினிமாக்காரர்கள் படையில் சேருவது அப்போது புதிது இல்லை. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் லிபரேட்டர் பைலட்டாக ஜெர்மனி மேல் பறந்து கர்னல் வரை உயர்ந்தார். கிளார்க் கேபிள் அதிகாரியாகச் சேர்ந்து, கன்னர்கள் பற்றிய படம் எடுக்கும் வேலையோடு பறந்தார். சாபு அதிகாரி ஆகவில்லை. 307ஆவது குண்டுவீச்சுக் குழுவில், 370ஆவது ஸ்குவாட்ரனில், துப்பாக்கி பிடிக்கும் சாதாரணப் படைவீரர். வால் கன்னர், பால் டரட் கன்னர் என்று இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருக்கிறார்.

கன்னர் என்றால் என்ன வேலை?

படத்தில் பார்க்கும்போது த்ரில்லாக இருக்கும். நிஜத்தில் அது முழுக்கக் காத்திருக்கிற வேலை.

லிபரேட்டரின் உடம்பு காற்றழுத்தம் அடைக்கப்பட்டது இல்லை. 20,000 அடிக்கு மேல் போனால் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரைகூடப் போகும். ஆக்ஸிஜன் மாஸ்க் கழன்றால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். கை வெறுமனே துப்பாக்கி இரும்பில் பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

வால் கன்னரின் இடம் விமானத்தின் கடைசி முனை. கண்ணாடிக் கூண்டு, இரட்டைத் துப்பாக்கி. மற்ற எல்லோரும் முன்னால் வருவதைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் தாண்டி வந்ததைப் பார்த்துக்கொண்டே போவார். கூட வந்த விமானம் பின்தங்கி விழுந்தால் அதை முதலில் பார்ப்பவரும் இவர்தான்.

பால் டரட் இன்னும் மோசம். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே தொங்கும் உலோக, கண்ணாடி உருண்டை. முழங்காலை மடித்துச் சுருண்டு, கருவில் குழந்தை மாதிரிக் கிடக்க வேண்டும். சின்ன உடம்புக்காரர்களைத்தான் அதில் போடுவார்கள். பாராசூட் மாட்டிக்கொண்டு உட்கார இடம் போதாது. அடிபட்டால் முதலில் உருண்டையை விட்டு மேலே ஏறி, பாராசூட்டைத் தேடி மாட்டி, அப்புறம்தான் குதிக்க வேண்டும்.

ஐரோப்பாவில் கீழே விழுந்தால் தரை. பசிபிக்கில் விழுந்தால் கடல். அதுவும் தீவுக்குத் தீவு நூற்றுக்கணக்கான மைல். 307ஆவது குழு 1944 அக்டோபர் 3இல் போர்னியோவின் பாலிக்பாபன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்கப் போனது. போய்வர சுமார் 2,500 மைல், காற்றில் 16 மணி நேரம் அளவுக்கு. அந்த ஒரே நாளில் இந்தக் குழு 7 லிபரேட்டர்களை இழந்தது. ஒவ்வொன்றிலும் பத்து பேர் போல இருந்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாபு சேர்ந்த குழு இப்படிப்பட்டது.

அவர் சில டஜன் தாக்குதல் பயணங்கள் போய் உயிரோடு திரும்பினார். டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. பறக்கும்போது காட்டும் அசாதாரணத் துணிவுக்காகத் தரப்படுவது அது.

இதே 307ஆவது குழுவில் இருந்த இன்னொருவரை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒலிம்பிக் ஓட்டக்காரர் லூயி சாம்பரீனி. 2014இல் வந்த 'அன்புரோக்கன்' அவர் கதைதான். படம் ஆரம்பிப்பதே லிபரேட்டருக்குள் நடக்கும் சண்டையில். கன்னர்கள் என்ன பாடு பட்டார்கள் என்று பார்க்க அந்தப் பத்து நிமிடம் போதும்.

திரும்பி வந்தார், வேடம் மாறவில்லை

போர் முடிந்ததும் ஹாலிவுட்டில் விமானப் படங்கள் குவிந்தன. 'கமாண்ட் டிசிஷன்' படத்தில் கிளார்க் கேபிள் விமானப்படை ஜெனரல். 'ட்வெல்வ் ஓ கிளாக் ஹை' 1949இல் வந்தது, இன்றும் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் போட்டுக் காட்டும் படம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1955இல் 'ஸ்ட்ராட்டஜிக் ஏர் கமாண்ட்' படத்தில் பைலட் சீருடையில் வந்தார். நிஜத்தில் பறந்தவர் என்பதே அவருக்கு விளம்பரம்.

சாபுவுக்கு? மைக்கேல் பவல்தான் மறுபடி கூப்பிட்டார். மூன்று விமானப் படங்கள் எடுத்து முடித்திருந்த டைரக்டர், நிஜமாகவே போரில் பறந்து பதக்கம் வாங்கிய நடிகர். ஆனால் கிடைத்தது இமயமலை இளவரசன் வேடம். 1947இல் வந்த 'பிளாக் நார்சிஸஸ்' படத்தில் பட்டு உடை, நகை, வாசனைத் திரவியத்தோடு வரும் இளைய ஜெனரல். ராங்க் மட்டும் ஜெனரல், அதுவும் அலங்காரத்துக்கு. அருமையான படம், சாபுவும் நன்றாகவே செய்திருப்பார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்தவைதான் வருத்தம். 'மேன் ஈட்டர் ஆஃப் குமாவுன்', 'சாங் ஆஃப் இந்தியா', 'ஜங்கிள் ஹெல்' என்று போகிறது பட்டியல். புலி, யானை, தலைப்பாகை. பட்ஜெட் குறைந்துகொண்டே வந்தது. 30 வயதைத் தாண்டியவரைக் காட்டுப் பையனாகவே பார்த்தார்கள்.

அமெரிக்க விமானப் படங்கள் அன்று காட்டிய குழுவில் இத்தாலிய வம்சாவளி இருப்பார், போலந்து வம்சாவளி இருப்பார், டெக்சாஸ்காரர் இருப்பார். பழுப்பு நிற கன்னர் ஒருவர் இருந்தார் என்று யாருக்கும் தோன்றவில்லை. லிபரேட்டருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். எண்ணிக்கையில் அதற்குப் பின்னால் நின்ற பி 17 விமானம்தான் 'மெம்ஃபிஸ் பெல்'லில் இருந்து 2024இல் வந்த 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்' தொடர் வரை திரையைப் பிடித்துக்கொண்டது.

1948இல் நடிகை மரிலின் கூப்பரைக் கல்யாணம் செய்துகொண்டார் சாபு. இரண்டு குழந்தைகள். 1952இல் லண்டன் ஹாரிங்கே சர்க்கஸில் யானைகளோடு ஷோ செய்தார். பத்து வயதில் தெரிந்த வேலை முப்பதைத் தொடும் வயதில் சோறு போட்டது.

தவறிப்போன மதர் இந்தியா

இந்தியாவுக்கு வர ஒரே ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. மெஹபூப் கான் தன் 'மதர் இந்தியா' படத்தில் நர்கிஸின் அடங்காத மகன் பிர்ஜு வேடத்துக்கு சாபுவை நினைத்திருந்தார். அமெரிக்கக் குடிமகன் ஆயிற்றே, இங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. அந்த வேடம் சுனில் தத்துக்குப் போனது. 1957இல் படம் வந்தது, மீதி வரலாறு எல்லோருக்கும் தெரியும். உயிரைப் பணயம் வைத்த போரோடு சேர்ந்து வந்த குடியுரிமைதான் அவரைச் சொந்த நாட்டு சினிமாவுக்கு வெளியே நிறுத்தியது. இந்திய மொழிப் படம் ஒன்றில்கூட நடிக்காமலே போய்விட்டார்.

1960இல் அண்ணன் ஷேக் தஸ்தகீர் கடையில் நடந்த கொள்ளையில் கொல்லப்பட்டார். யானைக் கொட்டாரத்தில் இருந்து கூடவே வந்த ஒரே சொந்தம் அவர். மூன்று வருஷம் கழித்து, 1963 டிசம்பர் 2இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் மாரடைப்பு வந்து சாபு இறந்தார். வயது 39. கடைசிப் படம் டிஸ்னியின் 'எ டைகர் வாக்ஸ்'. அவர் இறந்த பிறகு 1964இல் வெளியானது. அதிலும் புலியைப் பழக்கும் இந்தியர் வேடம்தான்.

லிபரேட்டர்கள் என்ன ஆயின?

போர் முடிந்ததும் இந்தியாவில் இருந்த லிபரேட்டர்களை கான்பூரில் குவித்து, யாரும் பயன்படுத்த முடியாதபடி உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு குண்டுவீச்சு விமானம் வாங்கக் காசில்லாத இந்தியா அந்தக் குப்பையில் கை வைத்தது. ஹெச்.ஏ.எல். சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி, அரைகுறையாக ஒட்டுப்போட்ட விமானங்களை ஒவ்வொன்றாக பெங்களூருவுக்கு ஓட்டிவந்தார். அங்கே பிரித்துச் சரிசெய்து 1948 நவம்பரில் முதல் தொகுதியை விமானப்படைக்குக் கொடுத்தார்கள். சாபு பிறந்த காராப்பூரில் இருந்து பெங்களூரு சில மணி நேரப் பயணம்தான்.

மற்ற நாடுகள் எல்லாம் கழித்துக்கட்டிய பிறகும் இந்திய விமானப்படை 1968 கடைசி வரை அவற்றை ஓட்டியது. இன்று வெளிநாட்டு மியூசியங்களில் பளபளவென்று நிற்கும் லிபரேட்டர்களில் பல இங்கிருந்து போனவை. சாபு லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்த அந்த டிசம்பரில் அவை இன்னும் இங்கே பறந்துகொண்டுதான் இருந்தன, வால் பக்கக் கூண்டு உட்பட.